வலது தோள் முந்தானை

செய்தித்தாள் படத்தில் பேச்சிராஜாவைத் தவிர எல்லோரும் நன்றாக விழுந்திருந்தார்கள். கரிசல்குண்டு காவல் நிலைய இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி நடுவில் நின்று, தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தனிப்படைக் காவலர்கள். முன்னால் மேஜை, மேஜைமேல் சிவப்பு வெல்வெட் துணி, துணிமேல் ஐந்து பவுன் செயின். மேஜைக்கு ஓரமாகத் தரையில் குத்தவைத்திருந்தான் பேச்சிராஜா. அவனுடைய இடது கையில் தோள்வரை மாவுக்கட்டு.

"'விசாரணையின்போது கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது'" என்று சத்தமாக வாசித்தான் காளிராஜ். "இந்தப் பாராவை நாங்க முன்னாடியே அடிச்சு வச்சிருப்போம்க்கா. பேரை மட்டும் மாத்தணும். அவசரத்துல சில நாள் அதையும் மாத்த மாட்டோம்."

காளிராஜ் ஒரு மாலைப் பத்திரிகையில் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தவன். பத்திரிகை நின்றுபோன பிறகு சுதாராணியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தான். கோவில்பட்டியில் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடைக்கு மாடியில் இருந்தது சுதாராணியின் துப்பறியும் நிறுவனம். வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா என்று கண்டுபிடித்துச் சொல்வாள். குடிக்காத பையன் என்று ஒரு தடவை அறிக்கை கொடுத்ததற்கு, பெண் வீட்டார் நம்பாமல் இரண்டாவது விசாரணை கேட்டார்கள்.

எதிர் நாற்காலியில் பேச்சிராஜாவின் மனைவி உமாராணி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அவிய பரோட்டா மாஸ்டர்க்கா. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை. அன்னைக்கு லீவு, வீட்ல தூங்கிட்டு இருந்தாவ. நான் பார்த்தேன்னு சொன்னா, பெண்டாட்டி சாட்சி செல்லாதுன்னு ஏட்டய்யா சொல்லுதாவ."

"உன் வீட்டுக்காரரை எப்படிப் பிடிச்சாங்க?"

"வீடியோல பறிச்சவன் இடது கையால பறிக்கான். இவிய பிறந்ததுல இருந்து இடது கைப் பழக்கம். பரோட்டாவை இடது கையால வீசுததைப் பார்க்கவே கூட்டம் நிக்கும். போலீஸ்காரவிய எல்லாரும் அங்கனதான் சாப்பிடுவாவ. வீடியோவைப் பார்த்ததும் இவிய ஞாபகம் வந்துட்டுதாம்."

"சாப்பிட்ட பரோட்டாவுக்கு நன்றி மறக்கலை" என்றான் காளிராஜ்.

சுதாராணி வீடியோவைப் போடச் சொன்னாள். 'கரிசல் வெடி நியூஸ்' என்ற யூடியூப் சேனலில் வந்தது. கரிசல்குண்டு கடைத்தெருவில் ஒரு கடையின் கேமராவில் பதிவான காட்சி. தள்ளுவண்டி முன்னால் நின்று ஒரு அம்மாள் வெள்ளரிப்பிஞ்சு வாங்குகிறாள். பின்னால் வந்த பைக் வேகத்தைக் குறைக்கிறது. பில்லியனில் இருப்பவன் இடது கையை நீட்டுகிறான். செயின் போய்விட்டது. இரண்டு பேருக்கும் முகம் தெரியாதபடி துணிக்கட்டு. கடைப் பெயர்ப் பலகை இருந்த இடத்தை ஒரு ஜவுளிக்கடை விளம்பரம் மறைத்திருந்தது. அவ்வளவுதான் வீடியோ. லட்சக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் தூக்கில் போடச் சொல்லியிருந்தார்கள்.

சுதாராணி திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பிறகு நிறுத்திவைத்து, உமாராணியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லு."

உமாராணி ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றாள்.

"முந்தானை எந்தத் தோள்ல போட்டிருக்கே?"

"இடது தோள்லதான். எல்லாரும் அப்படித்தான போடுவாவ."

"வீடியோல இந்த அம்மா வலது தோள்ல போட்டிருக்கு."

காளிராஜ் குனிந்து பார்த்தான். "பழைய காலத்துக் கட்டா இருக்கும்க்கா."

"மடிப்பு வச்சு ஊக்கு குத்தின பூனம் சேலைலே இது. பழைய காலத்துல ஏது பூனம்? அது போகட்டும், வண்டியெல்லாம் எந்தப் பக்கமா போகுதுன்னு பாரு. எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம்."

"நம்ம ஊர்ல அதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது."

அதுவும் சரிதான் என்று சுதாராணிக்குப் பட்டது. படத்தைப் பெரிதாக்கி வெள்ளரிக்காரனின் சட்டையைக் காட்டினாள். சட்டைப்பை வலது பக்கம் இருந்தது. ஓரமாகப் போன பெரியவருக்கும் பை வலது பக்கம்.

"கரிசல்குண்டுல தையக்காரனும் இந்தத் திருட்டுல கூட்டா?" என்று ஆரம்பித்த காளிராஜ், பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் விளங்கிவிட்டது. "கண்ணாடில பார்க்குத மாதிரி படத்தைத் திருப்பிப் போட்டிருக்கான்."

"ஆமா. பறிச்சவன் வலது கையால பறிச்சிருக்கான். ஊர்ல முக்காவாசிப் பேரு மாதிரி."

உமாராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அவிய கையை..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. சுதாராணி மேஜைமேல் இருந்த செய்தித்தாளை மடித்து இழுப்பறைக்குள் போட்டாள்.

கரிசல் வெடி நியூஸின் ஆசிரியர், நிருபர், செய்தி வாசிப்பாளர் எல்லாமே சாமித்துரைதான். சுதாராணியும் காளிராஜும் போனபோது செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். கேமராவுக்குத் தெரிகிற இடம்வரை கோட்டும் டையும். மேஜைக்குக் கீழே கட்டம்போட்ட கைலி.

"மக்களை உறையவைத்த பகீர் காட்சி" என்று முடித்துவிட்டு நிமிர்ந்தார். "வாங்கம்மா. விளம்பரமா?"

"விளம்பரம் இல்லை அண்ணாச்சி. நகை பறிப்பு வீடியோவை ஏன் திருப்பிப் போட்டீங்க?"

சாமித்துரை மறைக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "கடைக்காரர் மருமவன் எனக்கு முன்னாடியே அவன் பேஜ்ல போட்டுட்டான். நானும் அப்படியே போட்டா காப்பிரைட்டுன்னு சேனலைத் தூக்கிருவான். திருப்பிப் போட்டா யூடியூப்காரனுக்கு அடையாளம் தெரியாது. எல்லா வீடியோவையும் அப்படித்தான் போடுதேன்."

"யூடியூப்காரனுக்கு மட்டுமில்லை, போலீஸுக்கும் தெரியலை" என்றான் காளிராஜ். "ஏன் அண்ணாச்சி, அந்தக் கடை ஸ்டேஷனுக்கு எதிர்த்த தெருதான? அவிய அசல் வீடியோ கேட்டு வரலையா?"

"எதுக்கு நடக்கணும்? இன்ஸ்பெக்டர் நம்ம சப்ஸ்கிரைபர். கைதானவுடனே எனக்குத்தான் முதல் பேட்டி. 'அறிவியல்பூர்வமான விசாரணை'ன்னு அவரே தலைப்பு எடுத்துக் குடுத்தாரு."

"முழு வீடியோ இருக்கா?"

"இருக்கு. ஆனா பறிச்சதுக்குப் பிறகு ஒண்ணும் சுவாரசியம் இல்லை. வெட்டிட்டேன்."

சுதாராணி அந்தச் சுவாரசியமில்லாத பகுதியைப் பார்க்க உட்கார்ந்தாள். இப்போது முந்தானை இடது தோளில் இருந்தது. வலது கை நீண்டு செயினைப் பறித்தது. வெள்ளரிக்காரன் கத்திக்கொண்டு பைக்குக்குப் பின்னால் ஓடினான். அந்த அம்மாள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பைக் போன திசையை ஒரு பார்வை பார்த்தாள். குனிந்து, கீழே சிதறிய பிஞ்சுகளைப் பொறுக்கினாள். ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பிய வெள்ளரிக்காரனிடம், உடைந்த ஒன்றை நீட்டி வேறு மாற்றித் தரச் சொன்னாள். அவன் அவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தான்.

"நிம்மதியான மனுஷி" என்றான் காளிராஜ்.

"பேசாம பாரு."

திரையின் ஓரத்தில் ஒரு பழைய டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். அவரைக் கண்டதும் அந்த அம்மாள் பையைக் கீழே போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சுதாராணி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காட்சியைப் பின்னால் நகர்த்தி, திரையின் மறுகோடியில் பைக் போவதைப் பார்த்தாள். தெருமுனை வளைவில் அது மெதுவாகிறது. பில்லியனில் இருப்பவன் கையிலிருப்பதை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறான். பார்த்துவிட்டு வலப்புறம் விட்டெறிகிறான். பைக் போய்விடுகிறது.

"அண்ணாச்சி, இதை அப்படியே எனக்கு அனுப்புங்க. திருப்பாம."

வளைவில் சீமைக்கருவேலம் புதர் அடர்ந்து கிடந்தது. கால்சட்டையை மடித்துவிட்டு உள்ளே இறங்கிய காளிராஜ், ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு இன்ஸ்பெக்டர் பெயரைச் சொல்லிக்கொண்டே தேடினான். அவனுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர்கள் தீர்ந்து டிஎஸ்பி வரிசை ஆரம்பித்த பிறகுதான் செயின் கிடைத்தது. சுதாராணி அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தாள். கொக்கி ஓரமெல்லாம் பச்சை பிடித்திருந்தது.

"கவரிங்" என்றாள்.

காளிராஜ் முழங்கையில் குத்திய முள்ளை எடுப்பதை நிறுத்தினான். "அப்ப பறிபோனது பித்தளை. மீட்டது தங்கம். போனதைவிட ஒசத்தியா மீட்டுக் குடுக்குத போலீஸை இப்பத்தான்க்கா பார்க்கேன்."

செயினைப் பறிகொடுத்தவள் பெயர் ஆறுமுகத்தாய். அவள் வீட்டுக்காரர் ஆறுமுகசாமி தோட்டத்துக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனார்கள். சுதாராணி பச்சை பிடித்த செயினை அவளுக்கு முன்னால் வைத்தாள், அவ்வளவுதான். ஆறுமுகத்தாய் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தங்கச் செயினை மவளுக்குக் குடுத்துட்டேன். அவ வீட்டுக்காரன் ஆக்சிடெண்டாகி ஆஸ்பத்திரில கெடந்தான். அவ அவளா விரும்பிக் கட்டிக்கிட்டவ. இவிய அவ பேரைச் சொன்னாலே சோத்துத் தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிருவாவ. நான் என்ன செய்ய? கவரிங் வாங்கிப் போட்டுக்கிட்டேன். பறிச்சுட்டுப் போனதும், போட்டும், இனிமே கணக்குச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்துச்சு. இவிய நேரா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயி அஞ்சு பவுன்னு எழுதிக் குடுத்துட்டாவ."

"போலீஸ் காட்டின செயின்?"

"அது யார் செயின்னே எனக்குத் தெரியாது. என்னுதுன்னு கோர்ட்ல சொல்லி வாங்கிக்கிடணுமாம். வாங்கினதும் பெரிய அதிகாரி கையால குடுக்குத மாதிரி விழா வைக்கப் போறாவளாம். பட்டுச்சேலை கட்டிட்டு வரச் சொல்லியிருக்காவ."

"அந்தப் பையன் கையை ஒடிச்சிருக்காங்கம்மா."

"வழுக்கி விழுந்தான்னு பேப்பர்ல..."

சுதாராணி செயினை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். ஆறுமுகத்தாய் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"கோர்ட்ல உண்மையைச் சொன்னா இவியளுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியும்."

"சொல்லலைன்னா?"

"அவன் உள்ள கெடப்பான். நீங்க யாரோ ஒருத்தர் நகையைக் கழுத்துல போட்டுக்கிட்டு அலைவீங்க."

ஆறுமுகத்தாய் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் காளிராஜ் கேட்டான். "சொல்லுமாக்கா?"

"தெரியலைலே." உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுப்பது எவ்வளவு சுலபமான வேலை என்று முதல்முறையாக நினைத்தாள்.

நீதிமன்றத்தில் நகையை ஒப்படைக்கக் கோரும் மனு எடுக்கப்பட்டபோது, உக்கிரபாண்டி கஞ்சி போட்ட சீருடையில் வந்திருந்தார். சாமித்துரை வெளியே கேமராவோடு தயாராக நின்றார், இன்று முழுக் கால்சட்டையில். சிறையிலிருந்து பேச்சிராஜாவையும் கூட்டி வந்திருந்தார்கள். பிணை மனுவும் அதே நாளில் வரும்படி அவனுடைய வக்கீல் ஏற்பாடு செய்திருந்தார். ஆறுமுகத்தாய் பட்டுச்சேலையில் வந்து கூண்டில் ஏறினாள். ஆறுமுகசாமி கடைசி வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செயினை எடுத்துக் காட்டினார்கள்.

"இது உங்களுடைய நகைதானே, அம்மா?" என்றார் நடுவர்.

உக்கிரபாண்டி ஊக்கப்படுத்துவதுபோல் தலையை ஆட்டினார்.

ஆறுமுகத்தாய் செயினைப் பார்த்தாள். எதிரே மாவுக்கட்டோடு நின்றவனைப் பார்த்தாள். கடைசி வரிசையை மட்டும் பார்க்கவில்லை.

"இல்லைங்கய்யா. என்னுது கவரிங்."

நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு தடவை சொல்லுங்கள்."

அவள் சொன்னாள். மகளுக்குக் கொடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சிராஜாவின் வக்கீல் பச்சை பிடித்த செயினையும், திருப்பாத வீடியோவையும் கொடுத்தார். நடுவர் இரண்டையும் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டரை அழைத்தார்.

"எதிரி பேச்சிராஜா கொடுத்த வாக்குமூலத்தின்பேரில், அவர் வீட்டு அரிசிப் பானையிலிருந்து இந்தத் தங்கச் செயினைக் கைப்பற்றியதாக எழுதியிருக்கிறீர்கள்."

"ஆமாங்கய்யா."

"பறிபோனது கவரிங். அப்படியென்றால் இந்தத் தங்கம் யாருடையது?"

உக்கிரபாண்டி கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "விசாரணையில் தெரியவரும்ங்கய்யா."

"வரட்டும். உரிமையாளர் யார், நகை எப்படி அங்கே போனது என்பது தெரியும்வரை இது நீதிமன்றப் பாதுகாப்பிலேயே இருக்கும்" என்றார் நடுவர். பேச்சிராஜாவைச் சொந்தப் பிணையில் விட உத்தரவிட்டார். கை முறிந்தது பற்றித் தனியாக மருத்துவ அறிக்கை கேட்டார். பேச்சிராஜா வலது கையால் பேனாவைப் பிடித்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

சுதாராணி படியிறங்கும்போது பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. உக்கிரபாண்டி ஓரமாகக் கூப்பிட்டார். கஞ்சி போட்ட சீருடை அக்குளில் நனைந்திருந்தது.

"மேடம், ஒரு சொந்த விஷயம். அந்தச் செயினு... நம்ம வீட்ல உள்ளது. போட்டோவுக்கு மட்டும்னு எடுத்தேன். எங்க வீட்ல பாலீஷ் போடக் குடுத்திருக்கேன்னு சொல்லியிருக்கேன். அடுத்த வாரம் அவ தங்கச்சி மவளுக்குச் சடங்கு. கோர்ட்ல இருந்து வெளிய எடுக்க என்ன வழி?"

"உரிமையாளர் நேர்ல வந்து, நகை எப்படித் தன் கையை விட்டுப் போச்சுன்னு உண்மையைச் சொன்னா குடுத்திருவாங்க."

"சொன்னா என் வேலை போயிரும்."

"சொல்லலைன்னா?"

அவர் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் மனைவியின் பெயர் 'சுகுணா' என்று வந்தது. உக்கிரபாண்டி அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. வேலையா, வீடா என்று தீர்மானிக்க முடியாத மனிதனாக, அடிக்கிற போனைக் கையில் ஏந்திக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார்.

வாசலில் ஆறுமுகசாமி வண்டியைக் கிளப்பிவிட்டு, ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். நாலு எட்டு தள்ளி ஆறுமுகத்தாய் பட்டுச்சேலையோடு வெயிலில் நின்றாள். சுதாராணி போகவும் மனமில்லாமல், நிற்கவும் முடியாமல், செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள்.

"ஆஸ்பத்திரில கெடந்த அந்தப் பய இப்ப நடக்கானா?" என்று ரோட்டைப் பார்த்துக் கேட்டார் ஆறுமுகசாமி.

"கம்பு ஊன்றி நடக்கான்."

அவர் பின்சீட்டைத் துண்டால் தட்டிவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

எதிரே டீக்கடையில் உமாராணி வடையைப் பிய்த்து ஆறவைத்துக்கொண்டிருந்தாள். பேச்சிராஜா பக்கத்தில் இருந்தான். காளிராஜ் போனை நீட்டினான். கரிசல் வெடி நியூஸில் அதற்குள் வந்துவிட்டது: 'நகை பறிப்பு வழக்கில் அதிரடித் திருப்பம். வலது கைப் பழக்கம் உள்ள மர்ம நபருக்குத் தனிப்படை வலை.'

"டீ கிளாஸை இடது கையால பிடிங்கக்கா" என்றபடி காளிராஜ் தன் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். டீ மாஸ்டர் சிரித்தார். உமாராணிகூடச் சிரித்துவிட்டாள்.

பேச்சிராஜாவும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மெல்ல மடக்கப் பார்த்தான். பாதிவரை மடங்கின.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள் சுதாராணி.

"எலும்பு கூடிருமாம்க்கா. இந்தக் கையால மாவு வீச முடியுமான்னு கேட்டேன். அதுக்கு அவரு, வலது கையால வீசிப் பழகுங்காரு."